கப்பல் போகட்டும்... வன்னியில் மூன்று இரவு தங்குங்கள்!

கடல் பயணம் என்றால் நம் குடும்பங்களில் ஆசைப்படாதவர் யார்? பிள்ளைகளிடம் "கப்பலில் போகலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறை என்றைக்கு என்று அப்போதே நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் இலங்கைக்கே கப்பலில் போகலாம் என்றால் பெரியவர்களுக்கும் மனம் துள்ளத்தானே செய்யும்?

ஆனால் வாசகர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். காலையில் துறைமுகத்தில் இறங்கி, கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு படம் எடுத்துக்கொண்டு, மாலையில் கப்பல் ஏறிவிட்டால் ஒரு நாட்டைப் பார்த்தவர்கள் ஆகிவிடுவோமா? செலவோடு செலவாக இன்னும் சில நாட்கள் சேர்த்து, கரையில் தங்கிப் பார்த்தால் என்ன? அப்படித் தங்க எந்த இடம் நல்லது? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சபராளிகள் போன வழி

நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் கொழும்புச் சபரைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வார்கள். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ச் சேரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது அதுவும் நின்றுபோனது.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்துக் கடல்வழி மறுபடி திறந்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல், இலங்கையின் துறைமுகங்களோடு வடக்கே காங்கேசன்துறையையும் தொட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. தூரம் சுமார் 60 கடல் மைல். நேரம் ஏறக்குறைய 4 மணி. நாகூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது!

அந்தக் காலத்துச் சபராளிகள் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அல்லர். கடை வைத்தார்கள், அண்டை வீட்டாரோடு பழகினார்கள், அங்குள்ளவர்களின் சுகதுக்கத்தில் பங்கு கொண்டார்கள். அவர்களைப்போல் நாம் ஆண்டுக்கணக்கில் இருக்க முடியாது. மூன்று இரவாவது இருக்கலாம் அல்லவா?

பயணத்தை நீட்டிக்க இரண்டு வழிகள்

கப்பல் பயணத்தை நீட்டிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அடுத்தடுத்த இரண்டு பயணங்களுக்குச் சேர்த்துப் பதிவு செய்வது. கப்பல் ஒரு சுற்று முடிந்து புறப்பட்ட துறைமுகத்துக்கே வரும். மற்றவர்கள் இறங்குவார்கள், புதியவர்கள் ஏறுவார்கள், நீங்கள் அதே கப்பலில் தொடர்வீர்கள். இதற்கு முதலிலேயே ஒரே அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பெட்டி படுக்கையோடு அறை மாற நேரும். அதிகாரிகள் பயணிகளைக் கணக்கெடுக்கும்போது உங்களையும் சிறிது நேரம் இறக்கி ஏற்றுவதுண்டு. இரண்டு சுற்றும் ஒரே பாதை என்றால், பார்த்த துறைமுகத்தையே மறுபடி பார்ப்பீர்கள். கடலே போதும் என்பவர்களுக்கு இது சரி.

இரண்டாவது வழி கரையில் தங்குவது. உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் நடுவழித் துறைமுகத்தில் நினைத்தபடி இறங்கித் தங்கிவிட முடியாது. கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சில மணி நேரம் இறங்கிப் பார்ப்பதற்கான அனுமதி தங்குவதற்குப் போதாது. இலங்கைக்குள் நுழையும் முறையான விசா வேண்டும். திரும்பும் வழிக்கும் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆகையால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நாகப்பட்டினம் கப்பலே எளிது. போக ஒரு தேதி, திரும்ப ஒரு தேதி என்று இடையில் நாட்களை விட்டு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் எடைக்கு வரம்பு உண்டு. கட்டணமும் ஓடும் நாட்களும் அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏன் வன்னி?

காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்ப்பார்கள். நல்லூர், கோட்டை, நூலகம் எல்லாம் பார்க்க வேண்டியவைதாம். அதோடு பலர் திரும்பிவிடுவார்கள். சிலர் கொழும்புப் பஸ்ஸில் ஏறி, ஏ-9 நெடுஞ்சாலையில் தூங்கிக்கொண்டே தெற்கே போவார்கள். அவர்கள் தூங்கிக்கொண்டே கடக்கிற அந்த மண்தான் வன்னி!

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் பெருநிலம் அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அதில் அடங்கும். காடு, குளம், வயல், கடற்கரை நான்கும் சேர்ந்த இடம். பழைய பெயர் அடங்காப்பற்று. யாருக்கும் அடங்காமல் வன்னியத் தலைவர்கள் ஆண்ட நாடு என்பதால் அந்தப் பெயர்.

அங்கே ஊருக்கு ஒரு கதை அல்ல, தெருவுக்கு ஒரு கதை இருக்கிறது. இன்று ஒரு வீட்டில் கேட்டதற்கு மாறாக நாளை அடுத்த தெருவில் இன்னொன்றைக் கேட்பீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கும். வந்ததும் திரும்புகிறவர் முதல் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்தவராக ஊர் திரும்புவார். தங்குகிறவருக்குத்தான் இரண்டாவது கதை கிடைக்கும்.

முதல் இரவு: கிளிநொச்சி

காங்கேசன்துறையிலிருந்து ரயிலிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். 1990-ல் நின்றுபோன வடக்கு ரயில் பாதை போருக்குப் பின் இந்திய உதவியோடு மறுபடி போடப்பட்டது. 2013-ல் கிளிநொச்சிக்கும், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்து சேர்ந்தது.

குடாநாட்டிலிருந்து வன்னிக்குள் நுழையும் வாசல் ஆனையிறவு. இரண்டு பக்கமும் நீர், நடுவே ஒடுங்கிய நிலம். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் சென்று, அங்கிருந்து கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. அவை கடந்த இடம் என்பதால் இந்தப் பெயர். பெரிய உப்பளமும் இங்கேதான். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சிறு நிலத்துண்டுக்காக நடந்த சண்டைகளில் மாண்டவர்கள் ஏராளம். சாலையோரத்தில் நினைவுச்சின்னங்களைப் பார்ப்பீர்கள். அவை வென்றவர்கள் கட்டியவை. மற்றவர்களின் துயரத்துக்குச் சாலையோரத்தில் கல் இல்லை.

கிளிநொச்சியில் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டிய இடம் இரணைமடுக் குளம். குளம் என்றதும் நம் ஊர்க் குளத்தை நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்தான்! கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தின் வேலை 1902-ல் தொடங்கி 1920-ல் முடிந்தது. பிறகும் பலமுறை அணை உயர்த்தப்பட்டது. 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்களுக்கு இதுதான் உயிர். 1930-களிலிருந்து யாழ்ப்பாணத்து விவசாயிகள் காணி பெற்று இங்கே குடியேறினார்கள். 1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட தமிழர்களும் வன்னிக்கு வந்தார்கள். அவர்களில் பலருடைய முன்னோர் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். பேச்சுக்கொடுத்துப் பாருங்கள், உங்கள் ஊர்ப் பெயரே அவர்கள் வாயில் வரலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பீர்கள். வடக்கில் பல ஊர்களில் 'அம்மாச்சி' என்ற பெயரில் உணவகங்கள் இருக்கின்றன. வட மாகாண விவசாயத் துறை தொடங்கியவை. ஊர்ப் பெண்களே சமைத்து விற்கிறார்கள். போரில் குடும்பத்தைத் தாங்குகிறவரை இழந்து, தாமே குடும்பச் சுமையைத் தூக்கியவர்கள் அவர்களில் உண்டு. முற்றிலும் சைவ உணவு என்பதால் ஹலாலா என்ற கவலையும் வேண்டாம். நீங்கள் கொடுக்கும் தோசைக் காசு நேராக ஒரு வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது இரவு: முல்லைத்தீவு

கிளிநொச்சியிலிருந்து தெற்கே போனால் முறிகண்டி. அங்கே பிள்ளையார் கோயில் முன்னால் எல்லா வாகனங்களும் நிற்கும். வறுத்த கச்சான் வாங்காமல் யாரும் நகர மாட்டார்கள். கச்சான் என்றால் நம் நிலக்கடலைதான். அதற்கும் தெற்கே மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு என்ற ஊர். 1803 ஆகஸ்டில் வன்னியின் தலைவனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று ஆங்கிலப் படைத் தலைவன் டிரிபேர்க், கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். தோற்கடித்தவர்கள் நட்ட கல்லினால்தான் அந்தப் போர் நடந்த இடம் நமக்குத் தெரிகிறது.

அப்புறம் முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம். இந்தப் பெயர்களை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் விவசாயமும் வியாபாரமும் செய்து வாழ்ந்த ஊர்கள் இவை. 1990 அக்டோபரில் விடுதலைப்புலிகளின் உத்தரவால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது இவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்தார்கள்.

2009-க்குப் பிறகு திரும்பியவர்கள் கண்டது என்ன? வீடிருந்த இடத்தில் காடு. வேலி எது, வரம்பு எது என்று அடையாளம் தெரியவில்லை. ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று குடும்பமாகத் திரும்பினார்கள், காணியோ ஒன்றுதான். சில இடங்களில் காணி உறுதி தொலைந்திருந்தது. சில இடங்களில் அது காட்டு இலாகாவின் நிலம் என்றார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் புத்தளத்திலா, முல்லைத்தீவிலா என்ற குழப்பம் வேறு!

இதைக் கேட்டுக் கலங்கிய மனத்தோடு அடுத்த தெருவுக்குப் போங்கள். அங்கே இருப்பவர் அவர்களுடைய பழைய அண்டை வீட்டார், தமிழர். அவரும் வீட்டை இழந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனது. அந்த மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அதிலிருந்து எழுந்து நிற்பதற்குள் போர். 2009-ன் முதல் மாதங்களில் இலட்சக்கணக்கான மக்கள் ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, முள்ளிவாய்க்கால் என்ற சிறு கரைத்துண்டில் நெருக்கப்பட்டார்கள். மே 18 அன்று போர் முடிந்தது. இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. தப்பியவர்கள் வவுனியாவுக்கு அருகே செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் முள்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான்.

அவரும் திரும்பி வந்தபோது கண்டது காடுதான். அவருக்கும் காணிப் பிரச்சினைதான். ஒரே ஊற்றில் தண்ணீர் அள்ளிய இருவரும் வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு கைகளால் விரட்டப்பட்டு, ஒரே மாதிரியான காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் துயரத்தைக் காட்டி மற்றவரின் துயரத்தை மறைத்துப் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை இரண்டு நாள் தண்ணீரூற்றில் தங்க வைக்க வேண்டும்!

முள்ளிவாய்க்காலில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் மக்கள் கூடி, கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து குடிக்கிறார்கள். கடைசி நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே உணவு அதுதான். அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்து வளர்ந்த நமக்கு, அந்தச் சிரட்டைக் கஞ்சியின் அர்த்தம் புரியாமல் போகுமா?

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பொறுப்பு. அவர்களுக்குக் காட்ட நந்திக்கடல் இருக்கிறது. அந்தக் களப்பில் கால் நனைய நின்று இறால் பிடிப்பவர்களைக் காட்டுங்கள். அதன் கரையில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு அங்கே கடல் நீரில் விளக்கெரிப்பார்கள் என்பது ஊராரின் நம்பிக்கை. வடக்கே சுண்டிக்குளத்தில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும்.

மூன்றாவது இரவு: வவுனியா

மாங்குளத்துக்கே திரும்பி வந்து தெற்கே போனால் வவுனியா. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் வியாபார நகரம். பண்டாரவன்னியனுக்குச் சிலை இங்கே உண்டு. பல்கலைக்கழகம் ஒன்றும் 2021-லிருந்து தனியாக இயங்குகிறது. பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் ஊர்கள் அருகில் இருப்பதால் பள்ளிவாசலுக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்.

இங்கும் கிளிநொச்சியிலும் 2017 பிப்ரவரியில் சில தாய்மார்கள் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். போரின்போதும், அது முடிந்தபோதும் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகள் எங்கே என்பது அவர்கள் கேள்வி. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட தாய் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால் ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும்.

போகுமுன் சில குறிப்புகள்

துயரத்தைப் படம் பிடிக்காதீர்கள். வீட்டுக்குள் அழைத்தால் போங்கள், தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் போகவில்லை. இராணுவ முகாம்களைப் படமெடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து பெரும்பகுதி நிலம் துப்புரவாகிவிட்டது. ஆனாலும் எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டுப் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே அடைமழை. கப்பலும் அந்தப் பருவத்தில் நிறுத்தப்படுவதுண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கை முழுவதும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் சேதப்படுத்தியது. ஆகவே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பிப்ரவரி, மார்ச் அறுவடைக் காலம், வெயிலும் குறைவு. 2026, 2027 ஆண்டுகளில் ரமலான் அந்த மாதங்களில் வருவதால், பெருநாள் முடித்துப் புறப்படுவது வசதி. ஜூன், ஜூலையில் போனால் காட்டுப் பாலைப்பழம் கிடைக்கும். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்!

நட்சத்திர ஓட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். குடும்பத்தோடு தங்கத்தக்க எளிய விடுதிகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அதிகம், முல்லைத்தீவில் குறைவு. ஆகவே முல்லைத்தீவுக்கு முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் நாளைக் கூட்டும்போது தொழுகையையும் நினைவில் வையுங்கள். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் முழுதாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால், ஷாஃபி மத்ஹபில் கஸ்ருச் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அந்தக் கணக்கு பதினைந்து நாட்கள். நான் சொன்னபடி ஊருக்கு ஓர் இரவு என்றால் நீங்கள் முசாஃபிர்தான்.

வாசகர்களே! வன்னி மக்கள் வெளியூர்க்காரர்களைப் பார்க்காதவர்கள் அல்லர். அதிகாரிகள் வந்தார்கள், படையினர் வந்தார்கள், தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள், படமெடுக்கிறவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் எழுதிக்கொண்டு போனார்கள். குடும்பத்தோடு வந்து, அவர்கள் கடையில் சாப்பிட்டு, அவர்கள் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளை விளையாடவிட்டு, இரவு அங்கேயே படுத்து எழுந்து போகிற விருந்தாளிகள்தாம் குறைவு. பேசும் மொழி ஒன்று, இடையில் இருப்பது நான்கு மணி நேரக் கடல். அடுத்த விடுமுறைக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கும்போது, திரும்பும் தேதியை மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.